அம்மாவின் நாவலில் வரும் அந்த மகன் நான்தானா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. நாவலாசிரியர். பெரிய பெயர் இல்லாவிட்டாலும் தொடர்ந்து படிக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். அப்பா போன பிறகு தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், மறுக்கிறார். போன வருடம் வந்த அவருடைய நாவலில் ஒரு மகன் வருகிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், அம்மாவின் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பான், போய்விடுவான். நானும் ஞாயிற்றுக்கிழமைதான் போவேன். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பதும் நான்தான். புத்தகம் அச்சாகி வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். என் மனைவி படித்துவிட்டு அழுதாள். தங்கை அம்மாவோடு பேசுவதையே விட்டுவிட்டாள். இப்போது அம்மா அடுத்த நாவலின் கைப்பிரதியை அனுப்பி, "படிச்சுட்டுச் சொல்லு" என்கிறார். நான் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. ஒரு நண்பர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த நாவலாசிரியர் ஜே. எம். கூட்ஸியின் 'எலிசபெத் காஸ்டெல்லோ' நாவலைப் படிக்கச் சொன்னார். அதில் வரும் எழுத்தாளர் கிழவி ஓர் உரையில் இறைச்சிக்கூடங்களை நாஜி முகாம்களோடு ஒப்பிடும் இடத்தில் எரிச்சல் வந்து மூடிவிட்டேன். இவருடைய புத்தகங்கள் எனக்கு உதவுமா? இந்த நாவலை வெளியிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லலாமா? அவரை எங்களோடு அழைத்து வருவது எப்படி? பின்குறிப்பாக ஒன்று: அந்தப் புத்தகத்தை அம்மாவுக்கே கொடுத்தால் என்ன?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு சண்டைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அம்மா உங்களைக் கதையில் எழுதிவிட்டார் என்பது ஒன்று. அம்மா தனியாக இருக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுகிறீர்கள். அம்மாவும் ஒன்றாகத்தான் கேட்டுக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். "எங்களோடு வந்து இரும்மா" என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் "எழுதினது போதும்" என்று விழுகிறது. "உன் நாவல் எங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்றால், "தனியா இருக்கறதாலதான் இப்படியெல்லாம் எழுதற" என்று விழுகிறது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கூட்ஸியின் புத்தகங்கள் உங்களுக்கு உதவுமென்றால் அது இந்த இடத்தில்தான்.

நான் பதிப்பாசிரியர். குடும்ப ஆலோசகரோ மருத்துவரோ கிடையாது. ஆனால் வயதான எழுத்தாளர்களின் கைப்பிரதிகளில் வேலை செய்கிறவனுக்கு அவர்களுடைய பிள்ளைகளின் போன் வராமல் இருக்காது. பெரும்பாலும் அது புத்தகம் அச்சுக்குப் போகப்போகிற சமயத்தில் வரும். "அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட முடியுமா? நான் கேட்டதாக அம்மாவிடம் சொல்லாதீர்கள்." நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வெகு முன்னாலேயே கேட்கிறீர்கள், நல்லது.

புத்தகத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நீங்கள் அதை மூடியது, குடும்பக் கதை சூடு பிடிக்கிற இடத்தில்.

'எலிசபெத் காஸ்டெல்லோ' 2003-ல் வந்தது. கூட்ஸிக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே வருடம்தான். எட்டுப் பாடங்களாகப் பிரிக்கப்பட்ட புத்தகம். நாவல் என்று சொல்லப்பட்டாலும் பெரும்பகுதி உரைகளும் விவாதங்களும்தான். அதனால் பலர் அதைக் கருத்துகளின் தொகுப்பாகவே படித்துவிட்டு, ஒத்துப்போகிறோமா இல்லையா என்று பார்த்து முடித்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு எரிச்சல் தந்த அந்த ஒப்பீடு எனக்கும் ஏற்புடையதல்ல. கதைக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு வருகிறது: ஒரு கவிஞர் அதனால் விருந்துக்கே வர மறுத்து, காரணத்தைக் கடிதமாக எழுதி அனுப்புகிறார். ஆனால் அந்த உரை எங்கே நடக்கிறது என்று கவனித்தீர்களா? மகன் ஜான் வேலை பார்க்கும் கல்லூரியில். அம்மா தங்கியிருப்பது மகன் வீட்டில். மருமகள் நார்மா தத்துவம் படித்தவள், மாமியாரின் வாதங்களைச் சகிக்க முடியாதவள். சாப்பாட்டு மேசையில் இறைச்சி இருந்தால் பாட்டிக்கு ஆகாது, பிள்ளைகளின் சாப்பாட்டை மாற்ற நார்மா தயாரில்லை. அதனால் பேரப்பிள்ளைகள் வேறு அறையில் சாப்பிடுகிறார்கள். அந்த ஒரு ஏற்பாட்டிலேயே வீட்டின் மொத்த நிலவரமும் தெரிந்துவிடுகிறது.

விலங்குகளைப் பற்றிய அந்த இரண்டு பாடங்களைக் கூட்ஸி முதலில் 1997-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாசித்தார். உரை கேட்க வந்து உட்கார்ந்தவர்களுக்கு, எங்கோ ஒரு கல்லூரியில் உரையாற்றும் ஒரு வயதான எழுத்தாளரின் கதையைப் படித்துக் காட்டினார். அழைத்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அவை 1999-ல் 'த லைவ்ஸ் ஆஃப் அனிமல்ஸ்' என்று தனிப் புத்தகமாகவும் வந்தன.

நீங்கள் மூடிய இடத்திலிருந்து இன்னும் ஒரு பாடம் போனால் முடிவு வருகிறது. ஜான் அம்மாவை விமான நிலையத்துக்குக் காரில் கூட்டிப் போகிறான். வழியில் அம்மா உடைந்துபோகிறார். நல்லவர்கள் என்று தெரிகிற இத்தனை பேருக்கு நடுவில் தனக்கு மட்டும் ஏன் இப்படித் தெரிகிறது, தனக்குப் பைத்தியமா என்று கேட்கிறார். ஜான் காரை ஓரமாக நிறுத்தி அம்மாவை அணைத்துக்கொள்கிறான். 'சரி, சரி, சீக்கிரம் முடிந்துவிடும்' என்கிற மாதிரி எதையோ சொல்கிறான். எது முடிந்துவிடும்? அம்மாவின் விஜயமா, வேதனையா, உயிரா? ஜானுக்கே தெரிந்திருக்காது. அம்மா சொன்ன எதற்கும் அது பதிலில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஒரு மகனால் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

இப்போது முதல் பாடத்துக்குத் திரும்புங்கள். நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்கள், ஆனால் கிழவியின் மேல் இருந்த கோபத்தில் ஜானைக் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். எலிசபெத் 1928-ல் பிறந்தவர், ஆஸ்திரேலிய எழுத்தாளர். ஒரு பரிசு வாங்க அமெரிக்கா வருகிறார். மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு துணைக்கு வருகிறான், பெட்டி தூக்குகிறான், நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப் போகிறான், களைத்துப் போனால் அறைக்குக் கொண்டு சேர்க்கிறான். அந்தப் பயணம் முழுக்க நாம் பார்ப்பது அவனுடைய கண்ணால்தான். சின்ன வயதில் காலை நேரங்களில் அம்மா எழுதும் அறையின் கதவு பூட்டியிருக்கும். அவனும் சகோதரியும் வெளியே தரையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் முனகல் பாட்டாக மாறும், துக்கமும் மறந்துபோகும். பெரியவனான பிறகும் அம்மா எழுதிய ஒரு வரியையும் அவன் படிக்கவில்லை. 33 வயதில்தான் படிக்கத் தொடங்கினான். அம்மா கதவைப் பூட்டினார், அவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. அதுதான் அவனுடைய பழிவாங்கல். இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வியையும் வைக்கிறேன்: உங்கள் மேசையில் பிரிக்காமல் கிடக்கும் அந்த உறையும் அதே ரகம்தானோ?

வயதான எழுத்தாளர்களைப் பற்றிய கதைகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை எழுத்தாளரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளைப் பார்ப்பவை. பிள்ளைகள் அதில் பணத்துக்கு அலைகிறவர்களாகவோ, இலக்கியம் தெரியாதவர்களாகவோ இருப்பார்கள். பல கைப்பிரதிகளில் எனக்கு அலுத்துப்போன விஷயம் இது. கூட்ஸி பல இடங்களில் நாற்காலியைப் பிள்ளையின் பக்கம் திருப்பிப் போடுகிறார். ஜான் பாசமுள்ளவன், சலித்துப்போனவன், மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், எல்லாம் ஒரே நேரத்தில். பரிசு வாங்கித் திரும்பும் விமானத்தில் அம்மா வாய் திறந்தபடி தூங்குவதைப் பார்க்கிறான். இங்கிருந்தா நான் வந்தேன், இல்லவே இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். ஒரு எழுத்தாளர் தன்னைப் போன்ற எழுத்தாளரைப் பிள்ளையின் கண்ணில் இவ்வளவு அசிங்கமாகக் காட்டிக்கொள்ள நெஞ்சுரம் வேண்டும்.

எலிசபெத்தைக் கூட்ஸி அந்தப் புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. 2005-ல் வந்த 'ஸ்லோ மேன்' நாவலில், விபத்தில் காலை இழந்த ஒருவரின் வீட்டுக்குள் அழையாமலே நுழைந்து, அவருடைய கதையை நடத்தப் பார்க்கிறார். உங்களுக்கு அது இப்போது அவசியமில்லை. அவசியமானவை அதற்கடுத்த சிறுகதைகள். ஒன்றில் எலிசபெத் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் மகள் ஹெலனைப் பார்க்கப் போகிறார். மகள் அங்கே ஓவியக்கூடம் நடத்துகிறாள். அதே நாட்களில் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போகும் வழியில் ஜானும் வருகிறான். இரண்டு தேதிகளும் இப்படிப் பொருந்திப்போனதில் அம்மாவுக்கு உடனே சந்தேகம் வருகிறது. பிள்ளைகள் சேர்ந்து பேசி வைத்திருக்கிறார்கள், இந்தப் பிடிவாதக்காரியை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். சந்தேகம் சரிதான். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து இருக்கும்படி கேட்கிறார்கள். மரியாதையாக, அன்பாகத்தான் கேட்கிறார்கள். அம்மா மறுத்துவிடுகிறார். 2004-ல் வெளிவந்த அந்தக் கதைக்குப் பெயர் 'ஆஸ் எ உமன் குரோஸ் ஓல்டர்'.

அப்புறம் வரும் கதைகளில் எலிசபெத் ஸ்பெயினில் ஒரு குக்கிராமத்துக்குப் போய்விடுகிறார். காட்டுப் பூனைகளுக்குச் சோறு வைக்கிறார். ஊராருக்கு வேண்டாதவனான பாப்லோ என்பவனை வீட்டில் சேர்த்துக்கொள்கிறார். ஜான் அமெரிக்காவிலிருந்து வந்து வாதாடிவிட்டுப் போகிறான். 'லைஸ்' என்ற கதை, அவன் அங்கிருந்து நார்மாவுக்கு எழுதும் கடிதம். அம்மா விழுந்து அடிபட்டிருக்கிறார், மாடி ஏற முடியவில்லை, ஆனாலும் இடம் மாறச் சம்மதிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இந்தக் கடிதத்தை யாராவது யாருக்காவது எழுதியிருப்பீர்கள், வாட்ஸ்அப்பிலாவது.

'த கிளாஸ் அபட்வார்' என்ற கதைதான் உங்களுக்காகவே எழுதின மாதிரி இருக்கிறது. ஒருநாள் விடியாத நேரத்தில் ஜானுக்கு அம்மாவிடமிருந்து போன் வருகிறது. கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு இறைச்சிக்கூடத்தை நகரத்தின் நடுவில் கட்டினால் என்ன, உள்ளே நடப்பதை எல்லோரும் பார்க்கட்டுமே என்று ஒரு யோசனை அவருக்கு. ஜான் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொள்கிறான். பிறகு ஒரு கட்டுக் காகிதம் வருகிறது. குறிப்புகள், பாதி எழுதினவை, படித்ததில் எடுத்தவை. இனித் தன்னால் இவற்றை ஒழுங்கு செய்ய முடியாது, நினைவு நழுவுகிறது, நீ பார் என்று அம்மா அனுப்பியிருக்கிறார். சின்ன வயதில் வெளியே நிறுத்தப்பட்ட பையனிடம், கடைசியில் அறைக்குள் இருந்ததெல்லாம் வந்து சேர்கிறது. இவன் வானியற்பியல்காரன், இதற்குப் பொருத்தமான ஆளே இல்லை. ஆனாலும் அவர் அனுப்புவது அவனுக்குத்தான்.

சரி, இனி உங்கள் கைப்பிரதி.

போன நாவல் அச்சில் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை அச்சுக்கு முன்னாலேயே அனுப்பியிருக்கிறார். எழுத்தாளர்கள் இதைச் சும்மா செய்ய மாட்டார்கள். முடியாத பிரதியைக் காட்டுவது அவர்களுக்குக் கூச்சமான காரியம். தங்கை பேசாமல் போனதுக்கு அவர் தரும் பதில் இதுவாகக்கூட இருக்கலாம், வாயால் சொல்லத் தெரியாமல். எனவே முதலில் உறையைப் பிரியுங்கள். பென்சில் எடுக்காமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். உங்களைத் தேடிப் படிக்காதீர்கள். தேடினால் எல்லாப் பக்கத்திலும் கிடைப்பீர்கள்.

அடுத்தது, "அந்த மகன் நான்தானா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். நேர்மையான எழுத்தாளருக்கே அதற்குப் பதில் தெரியாது. உங்கள் ஞாயிற்றுக்கிழமையும், பக்கத்து வீட்டுக்காரரின் மகனும், அவருடைய சொந்தப் பயமும் சேர்ந்துதான் அந்த ஆள் உருவாகியிருப்பான். கேட்டால் அவர் "இது புனைவுதானே" என்பார், நீங்கள் "அந்த டப்பாவுமா?" என்பீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். என் ஊகம் என்னவென்றால், அந்தக் காட்சியில் மகனைப் பற்றி இருப்பதைவிட அம்மாவைப் பற்றி அதிகம் இருக்கிறது. தன்னை ஒரு ஆளாகப் பார்க்காமல் தன் மாத்திரைகளைப் பார்க்கிறார்களே என்று ஒரு பெண் சொல்கிறாள். வேறு எங்கேயும் சொல்ல முடியாததால் அங்கே சொல்கிறாள்.

இதை வைத்து அம்மா செய்தது சரி என்று தீர்ப்பளித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புனைவு என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பதில் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பங்குண்டு, பதிப்பாளர் உட்பட. கூட்ஸி இதில் எழுத்தாளர்களுக்குச் சலுகை தருவதில்லை. 1994-ல் வந்த 'த மாஸ்டர் ஆஃப் பீட்டர்ஸ்பர்க்' நாவலில், இறந்துபோன வளர்ப்பு மகனின் அறைக்கு ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி வருகிறார், துக்கத்தில் கரைகிறார். கடைசியில் அந்த மகனின் நினைவையே எழுத்துக்கான பொருளாக்குகிறார். அதன் ருசி அவருக்கே கசக்கிறது. நிஜத்தில் அந்த வளர்ப்பு மகன் பாவெல், தஸ்தயேவ்ஸ்கியின் காலத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர். அவரைக் கொன்றது கூட்ஸியின் கற்பனை. அந்தக் கற்பனையைச் செய்தவரோ, 1989-ல் தன் சொந்த மகனைப் பறிகொடுத்தவர். எழுதுகிறவர் கடன்பட்டிருக்கிறார் என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே "படிச்சப்போ வலிச்சுதும்மா" என்று தாராளமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வெளியிட வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் கேட்காவிட்டால் உங்கள் உறவு இன்னும் கெடும். கேட்டுவிட்டால் அதைவிட மோசம். 76 வயதில் ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டு, மகனுக்காகப் பெட்டியில் போட்டு வைத்த அம்மாவோடு உங்களால் ஒரே வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

அதற்குப் பதிலாக, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். யாரையும் அடையாளம் காட்டிவிடும் விவரங்கள் எவை என்று பாருங்கள்: உங்கள் மனைவியின் நோய், குழந்தை படிக்கும் இடம், தங்கையின் வீட்டில் நடந்த பணத் தகராறு, இப்படி. பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்து, "இதை மட்டும் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில், ஒரு பாத்திரத்தையே எடுக்கச் சொன்னால் மல்லுக்கு நிற்கிற எழுத்தாளர்கள், நோயை மாற்று, ஊரை மாற்று, தங்கையைச் சித்தியாக்கு என்றால் சுலபமாக ஒத்துக்கொள்கிறார்கள். பல சமயம் கதையும் அதனால் மேம்படுகிறது. இதையெல்லாம் பக்கம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தும் பிரதி) வந்த பிறகு ஒரு பத்தியை எடுத்தால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் நகரும், பதிப்பகத்தில் முகம் சுளிப்பார்கள், அம்மாவும் சங்கடப்படுவார்.

இன்னொன்று. உங்களுக்கு வலித்ததை மட்டும் நீங்கள் பேசுங்கள். மனைவிக்கு வலித்ததை மனைவி பேசட்டும், தங்கைக்கு வலித்ததைத் தங்கை. கூட்ஸியின் 'சம்மர்டைம்' நாவலில் (2009) ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியர் வருகிறார். 'இறந்துபோன எழுத்தாளர் கூட்ஸி'யை அறிந்தவர்களைப் பேட்டி காண்கிறார். மாமன் மகளோ பெரியப்பா மகளோ, உறவுக்காரப் பெண் மார்கோ சொன்னதையெல்லாம் கதைபோல மாற்றி எழுதி, அவளிடமே படித்துக் காட்டுகிறார். அவள் நடுநடுவே குறுக்கிடுகிறாள்: நான் இப்படிச் சொல்லவே இல்லையே, இதை எடுத்துவிடுங்கள், இதைப் படித்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள். எழுதப்பட்டவரின் முறையீட்டை இவ்வளவு வேடிக்கையாகவும் நியாயமாகவும் காட்டிய பக்கங்கள் குறைவு. உங்கள் மனைவிக்கும் தங்கைக்கும் அந்த அத்தியாயம் பிடிக்கும்.

'சம்மர்டைம்' உங்களுக்கு வேறொரு விதத்திலும் வேண்டிய புத்தகம். அதில் எழுத்தாளர்தான் பிள்ளை. முப்பதைத் தாண்டிய ஜான் கூட்ஸி, வயதான அப்பாவோடு ஒரு வீட்டில் இருக்கிறான். இருவருக்கும் பேச்சே இல்லை. கடைசிப் பக்கங்களில் அப்பாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி, ஆம்புலன்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு காகிதம் கொடுக்கிறார்கள். ஒன்று எழுத்தை விட்டுவிட்டு அப்பாவுக்குத் தாதியாக வேண்டும், இல்லையென்றால் அப்பாவை விட்டுவிட்டுப் போக வேண்டும், மூன்றாவது வழி இல்லை என்று மகன் நினைப்பதோடு நாவல் முடிந்துவிடுகிறது. 'டயரி ஆஃப் எ பேட் இயர்' (2007) நாவலில் வரும் 72 வயது எழுத்தாளரும், இறந்துபோன அப்பாவின் பொருட்கள் அடங்கிய பெட்டியைப் பார்த்துவிட்டு, சுயநலப் பிள்ளையாக இருந்து ஈரமில்லாத மனிதனாக வளர்ந்தவன் என்றுதான் அப்பா என்னை நினைத்திருப்பார் என்று எழுதுகிறார். நோபல் விருந்தில் கூட்ஸி பேசியதும் அம்மாவைப் பற்றித்தான். உயிரோடு இருந்திருந்தால் 99 வயதைத் தாண்டியிருப்பார், பரிசு வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டத்தானே இதெல்லாம் செய்கிறோம், அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிடுகிறாரே என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார். உங்கள் அம்மாவும் யாருக்கோ மகள்தான். அவருடைய பழைய நாவல்களில் உங்கள் தாத்தா பாட்டி எப்படி வருகிறார்கள் என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

இனி, அழைத்து வருவது பற்றி. அந்தக் கதைகளில் ஜானும் ஹெலனும் அம்மாவுக்கு இடம் தருகிறார்கள், பாதுகாப்பு தருகிறார்கள். ஆனால் அங்கே வந்து அவர் காலையில் என்ன செய்வார் என்பது பேச்சிலேயே வருவதில்லை. நீங்கள் அங்கிருந்து தொடங்கலாம். எங்கே படுப்பாய் என்பதற்கு முன்னால் எங்கே எழுதுவாய் என்று கேளுங்கள். கதவு சாத்தக்கூடிய ஒரு அறை, மேசை, அவருடைய புத்தகங்களுக்கு அலமாரி. காலையில் யாரும் கதவைத் தட்டுவதில்லை என்ற ஒப்பந்தம், மருமகளும் பேரப்பிள்ளைகளும் உட்பட. இதைத் தர முடியுமா என்று முதலில் மனைவியோடு பேசுங்கள். முடியாது என்றால் அழைக்காதீர்கள். முடியும் என்றால், நிரந்தரமாக வா என்று கேட்காமல், அடுத்த நாவலின் திருத்த வேலை முடிகிறவரைக்கும் வந்து இரு என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகலாம் என்பது நிஜமாகவே இருக்கட்டும், அவருடைய வீட்டை அதற்குள் வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.

அப்போதும் மறுத்தால்? தெளிவாக யோசிக்கிற ஒருவர் தனியாக இருக்க முடிவு செய்தால் அது அவருடைய முடிவு. விழுந்தால் யார் வருவார்கள், தினமும் யார் எட்டிப் பார்ப்பார்கள், சாவி யாரிடம் இருக்கும் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசி முடியுங்கள். மறதி இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் போங்கள். நாவலில் ஒரு பாட்டிக்கு மறதி வருகிறது என்பதை வைத்து முடிவுகட்டாதீர்கள், பிள்ளைகள் இதை அடிக்கடி செய்கிறார்கள். அவருடைய காகிதங்கள் என்ன ஆக வேண்டும் என்பதையும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது: முடியாத பிரதிகளை வெளியிடலாமா, கடிதங்களை யார் பார்க்கலாம், கணினியில் உள்ளவை எங்கே. கூட்ஸி தன்னுடைய கைப்பிரதிகளையும் குறிப்பேடுகளையும் உயிரோடு இருக்கும்போதே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்துக்குக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் அப்படி ஒரு மையம் வராது, ஆனால் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். பெரும்பாலான எழுத்தாளர்கள் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள். மாத்திரையைப் பற்றிக் கேட்டால்தான் கோபப்படுவார்கள்.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். 'எலிசபெத் காஸ்டெல்லோ'வில் முதல், மூன்றாம், நான்காம் பாடங்களை மறுபடி படியுங்கள். ஐந்தாவதில் எலிசபெத்தும் கன்னிகாஸ்திரியான அவருடைய அக்காவும் சந்திக்கிறார்கள், அதைத் தங்கைக்குக் கொடுக்கலாம். மற்றவற்றை விருப்பமிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சிறுகதைகள். அவை தொகுப்பாக முதலில் 2018-ல் ஸ்பானிஷில்தான் வந்தன. ஆங்கிலத்தில் அவற்றில் பலவும் 'த போல்' குறுநாவலோடு சேர்ந்து 2023-ல் வந்தன. வாங்கும்போது உள்ளடக்கத்தைப் பாருங்கள், அமெரிக்கப் பதிப்பில் குறுநாவல் மட்டும்தான் இருக்கும். கடைசியாக 'சம்மர்டைம்'. நடுவில் 'டிஸ்கிரேஸ்' பற்றி யாராவது சொன்னால், அது மிக நல்ல நாவல், 1999-ல் புக்கர் பரிசு பெற்றது, அதிலும் அப்பாவும் மகளும் உண்டு. ஆனால் இந்த மனநிலையில் வேண்டாம்.

உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். அம்மாவுக்குப் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். இத்தனை வருடம் எழுதிக்கொண்டிருப்பவர், அவர் ஏற்கெனவே படித்திருக்க வாய்ப்புண்டு. படிக்காவிட்டாலும், மகன் கையில் கொடுத்தால் எந்தப் பக்கத்துக்காகக் கொடுக்கிறான் என்றுதான் தேடுவார். நீங்கள் படித்துக்கொண்டிருப்பதாக மட்டும் சொல்லுங்கள், அந்தக் கிழவியின் மேல் உங்களுக்கு வந்த எரிச்சலையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அதைப் பற்றி நிச்சயம் ஒரு கருத்து இருக்கும். மாத்திரை டப்பாவைத் திறப்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.